ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப் பெயர் உச்சரிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சுற்றிச் சுற்றி அதே சில சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்கள். கடைசிப் பகுதியில் ஈழத்துப் பெயர்களும் வெளிநாட்டுப் பெயர்களும் வரும்.

ஒரு ஊர்ப் பேரைச் "சரியா" சொல்றதுன்னா என்னங்க? யார் சொல்றதை வெச்சு முடிவு பண்றது?

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், நிதானமாகப் பேசும்போது எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் சரி. நிதானமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பேருந்தில் படிக்கட்டில் நின்று கத்தும்போது சொல்வது வேறு, வெளியூர்க்காரர் ஒருவர் "உங்கள் ஊர்ப் பெயர் என்ன?" என்று கேட்கும்போது சொல்வது வேறு. இரண்டும் அவர்களுடையவைதான் என்றாலும், மற்றவர்கள் பின்பற்ற வேண்டியது இரண்டாவதை.

பல சண்டைகளில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன: உள்ளூர்ப் பேச்சு, தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து. முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு இயல்பானது. மூன்றாவதைப் பார்த்து முதல் இரண்டைத் திருத்தப் போவதுதான் கேடு. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் தொடும்.

நாங்க தொறையூர்னுதான் சொல்லுவோம். ஸ்கூல்ல டீச்சர் "துறையூர்"னு திருத்துறாங்க. எங்க வாயில தப்பா?

தப்பே இல்லை. தமிழ்ப் பேச்சில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் முதல் எழுத்தில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இலை எலையாவதும், உடம்பு ஒடம்பாவதும், குடம் கொடமாவதும் இதனால்தான். அதே ஒழுங்கில்தான் துறையூர் தொறையூராகவும், உறையூர் ஒறையூராகவும், நிலக்கோட்டை நெலக்கோட்டையாகவும், குடவாசல் கொடவாசலாகவும் ஒலிக்கின்றன. அடுத்த எழுத்து வேறாக இருந்தால் இந்த மாற்றம் நடக்காது. குளித்தலையை யாரும் கொளித்தலை என்பதில்லை, திருப்பூரை யாரும் தெருப்பூர் என்பதில்லை. சோம்பல் வாயில் வரும் பிழை இப்படிக் கணக்காக நடந்துகொள்ளுமா?

எழுதும்போது துறையூர் என்றே எழுத வேண்டும். ஆசிரியர் எழுத்தைத் திருத்தினால் அது அவர் கடமை. ஆனால் ஒரு குழந்தை தன் ஊரைத் தன் வீட்டில் சொல்வதுபோலச் சொன்னதற்காக வகுப்பில் தலைகுனிய வைக்கக் கூடாது. செய்தி வாசிப்பவர்களும் மேடையில் பேசுபவர்களும் எழுத்து வடிவத்தைச் சொல்வது பொது மரியாதை, அவ்வளவுதான்.

தஞ்சை, கோவை, நெல்லை, நாகை... இதெல்லாம் ஷார்ட்டா கூப்பிடுறதுதானே? முழுப் பேர்தானே கரெக்ட்?

இரண்டும் சரி. முழுப்பெயர் மக்கள் வாயில் தேய்ந்து அழகாக நிலைத்துவிட்ட வடிவத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் மரூஉ என்று பெயர். பவணந்தியாரின் நன்னூல் இதை இயல்பு வழக்கில் சேர்க்கிறது. அதாவது, பிழை என்று ஒதுக்கவில்லை. சோழ நாடு சோணாடு ஆனதும், மலையமான் நாடு மலாடு ஆனதும் உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டுகள். கோயம்புத்தூர் கோவையானதும், திருநெல்வேலி நெல்லையானதும், புதுச்சேரி புதுவையானதும் அதே வழியில் வந்தவை.

நம் இலக்கணம் இவ்வளவு காலத்துக்கு முன்பே மக்கள் வாய்க்கு இடம் கொடுத்திருக்கிறது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. உச்சரிப்புச் சண்டையில் "இலக்கணப்படி தப்பு" என்று கம்பெடுப்பவர்கள் முதலில் இந்த நூற்பாவைப் படிக்கலாம்.

மதுரையை எங்க ஊர்ப் பெரியவங்க "மருத"ன்னு சொல்வாங்க. இதையும் சரின்னு சொல்வீங்களா?

சொல்வேன். குதிரை குருதையாவது போல, பேச்சில் எழுத்துகள் இடம் மாறி மதுரை மருதையாகிறது. முந்தைய பதில்களில் சொன்னதுதான் இங்கும்: பேச்சில் அது முழு உரிமையுள்ள வடிவம், எழுத்தில் மதுரை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலாம் பராந்தக சோழன் பாண்டியனை வென்றபின் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் அவனுக்கு "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்று பெயர். மதுரை அல்ல, மதிரை. அரசனின் பட்டப்பெயரிலேயே, கல்லில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அப்படி எழுதியிருக்கிறார்கள். மிகப் பழைய வடிவம்தான் சரி என்று வாதாடுபவர்கள் இந்தக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு மதிரை என்று சொல்லத் தயாரா? ஊர்ப் பெயரில் பழமை மட்டும் அளவுகோல் ஆகாது.

"ச" ஒரே எழுத்துதானே? அப்புறம் ஏன் சேலத்தை "ஸ" மாதிரியும் சென்னையை "ச்ச" மாதிரியும் சொல்றோம்?

தமிழில் ஓர் எழுத்துக்கு இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். சொல்லின் முதலில் வரும் சகரம் இன்று சில சொற்களில் மென்மையாகவும் சிலவற்றில் வல்லோசையாகவும் வழங்குகிறது. சேலம், சாத்தூர், சிவகாசி மென்மையாக ஒலிக்கும். சென்னையும் சிதம்பரமும் வல்லோசை பெறும்.

சிவகாசிக்கும் சிதம்பரத்துக்கும் காரணம் தெளிவானது. வடமொழியில் சிவனின் முதல் ஒலி வேறு, சித் என்பதன் முதல் ஒலி வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் சி ஆகிவிட்டன, காதில் மட்டும் பழைய வேறுபாடு தங்கியிருக்கிறது. சென்னையின் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சென்னப்ப நாயக்கர். அவருடைய மகன் தாமர்ல வெங்கடாத்ரியிடமிருந்துதான் 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கடற்கரை நிலத்தைப் பெற்றது. தெலுங்கில் அந்தப் பெயர் வல்லோசையோடுதான் வரும். எழுத்தை மட்டும் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டூட்டிகொரின், ட்ரிப்ளிகேன், டான்ஜோர்... வெள்ளைக்காரன் வேணும்னே நம்ம பேரைக் கெடுத்தான்னு சொல்றாங்களே?

வேண்டுமென்றே என்று சொல்ல முடியாது. காதில் விழுந்ததைத் தன் எழுத்தில் பிடிக்கப் பார்த்த வேற்றுமொழிக்காரனின் எழுத்து அது. முதலில் வந்த போர்ச்சுக்கீசியர்கள் பெயரின் கடைசியில் ஒரு மூக்கொலி சேர்த்து எழுதினார்கள். கொச்சி கொச்சின் ஆனதும், குமரி கொமொரின் ஆனதும், தூத்துக்குடி டூட்டிகொரின் ஆனதும் அப்படித்தான். குடியில் உள்ள டகரம் நாம் சொல்லும்போது நாக்கை மடித்துத் தட்டிவிட்டுப் போகும். அவர்கள் காதுக்கு அது ரகரமாகக் கேட்டிருக்கிறது. 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் வழியாக அது டிராங்குபார் ஆயிற்று.

ழகரம் பட்ட பாடு தனி. சோழமண்டலம் கோரமண்டல் ஆனபோது ழ ரகரமானது. கோழிக்கோடு காலிகட் ஆனபோது லகரமானது. சீர்காழி பழைய ஆங்கில ஏடுகளில் ஷியாளி என்று இருக்கும். நூலகவியலாளர் ரங்கநாதன் பிறந்த ஊரைத் தேடிப் போனவர்கள் ஷியாளி எங்கே என்று வரைபடத்தில் தடவியிருப்பார்கள். அந்த வடிவங்கள் வரலாற்று ஏடுகளில் இருக்கட்டும். இன்று நாமே நம் வாயால் டூட்டிகொரின் என்று சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஷோலிங்கநல்லூரா, சோழிங்கநல்லூரா? ஐடி கம்பெனில எல்லாருமே "ஷோ"ன்னுதான் சொல்றாங்க.

சோழிங்கநல்லூர். சோழன் பெயர் தாங்கிய ஊர் அது. பழைய ஆங்கிலப் பதிவுகளில் முதல் எழுத்தை எஸ்ஸும் எச்சும் சேர்த்து எழுதினார்கள். அதைப் படித்துப் படித்து ஊரே ஷோலிங்கநல்லூர் ஆகிக்கொண்டிருக்கிறது. மதுரைப் பக்கத்துச் சோழவந்தானுக்கும் இதே கதிதான்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கவலை கூடுகிறது. வெளியூர்க்காரர் தவறாகச் சொன்னால் அது அவரோடு போய்விடும். ஆங்கில எழுத்து திரும்பி வந்து நம் வாயையே மாற்றினால் அடுத்த தலைமுறைக்குப் பழைய பெயர் தெரியாமலே போகும். அடையாறு என்பது ஆற்றின் பெயர். இன்று தமிழில் எழுதும்போதே பலர் "அடையார்" என்று எழுதுகிறார்கள். சைதாப்பேட்டையும் குரோம்பேட்டையும் சைதாப்பெட், குரோம்பெட் என்று நறுக்கப்படுகின்றன. வேளச்சேரி வெலாச்சேரி ஆகிறது. கைபேசி வரைபடத்தில் வழி சொல்லும் குரலும் ஆங்கில எழுத்தைப் படித்தே பேசுகிறது என்பதால், தினம் பத்துத் தடவை அந்தக் குரலைக் கேட்பவர்களுக்கு அதுவே பழகிவிடுகிறது. அலுவலகத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் சோழிங்கநல்லூர் என்று சொன்னாலும் சொல்லுங்கள். கேட்பவருக்குப் புரியும்.

அதுக்குத்தானே 2020-ல ஆங்கில ஸ்பெல்லிங்கை எல்லாம் மாத்துனாங்க? ஏன் ஒரே வாரத்துல வாபஸ் வாங்கிட்டாங்க?

2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசின் ஆணை ஒன்று வெளிவந்தது. 1018 ஊர், இடப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றுவது அதன் நோக்கம். எக்மோர் எழும்பூர் ஆகும், டூட்டிகொரின் தூத்துக்குடி ஆகும், டிண்டிகல் திண்டுக்கல் ஆகும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் மகிழ்ந்தேன்.

சிக்கல் எழுத்துக்கூட்டலில் இருந்தது. வேலூரின் ஏகாரத்தைக் காட்ட ஆங்கில 'ஈ'யை இரண்டு முறை போட்டார்கள். ஆங்கிலம் படித்தவர் யாரும் அதை வீலூர் என்றுதான் வாசிப்பார். ஊகாரத்துக்கு இரண்டு 'ஓ', தகர இரட்டைக்கு டி எச் இரண்டு முறை என்று அடுக்கியதில் கோயம்புத்தூரும் அம்பத்தூரும் கண்ணுக்கு நீண்டு, வாசிக்கத் தடுமாறும் வடிவம் பெற்றன. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று பொதுவில் ஏற்கப்பட்ட ஒரு முறை இல்லாமல், ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற உயிரெழுத்துகளை நம்பி இறங்கியதுதான் காரணம். எதிர்ப்பு எழுந்து, 2020 ஜூன் 18 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டதாக அப்போதைய தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் க. பாண்டியராஜன் அறிவித்தார்.

பெயர்ப் பலகையை மாற்றினாலும் பழைய பெயர் சில மூலைகளில் தங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மதராஸ் 1996-இல் சென்னை ஆயிற்று. ஆனால் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்னும் மதராஸ்தான். சென்ட்ரல் நிலையத்தின் ரயில்வே குறியீடு எம்.ஏ.எஸ்., திருச்சியின் குறியீடு டி.பி.ஜே. அவற்றால் யாருடைய உச்சரிப்பும் கெடவில்லை, எனவே எனக்கு அவற்றின் மேல் வருத்தமும் இல்லை.

அப்போ ழ-வை இங்கிலீஷ்ல எப்படித்தான் எழுதுறது? இசட் எச் போட்டா வடக்கே "கோஸிக்கோட்"னு படிக்கிறாங்க.

இசட் எச் என்பது தமிழரும் மலையாளிகளும் தமக்குள் பழக்கிக்கொண்ட குறி. விவரம் தெரிந்தவருக்கு அது ழ, தெரியாதவருக்கு இஸட். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் எல்லுக்குக் கீழே கோடிட்டு ழகரத்தைக் காட்டுகிறது. அது ஆய்வேடுகளுக்குப் பொருந்தும், பேருந்துப் பலகைக்குப் பொருந்தாது. ஆகவே பொதுப் பயன்பாட்டுக்கு இசட் எச்சே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஏற்கெனவே பரவிய ஒரு குறியைக் கற்றுக்கொடுப்பது புதிய ஒன்றைப் பரப்புவதைவிட எளிது.

வெளியூர் நண்பருக்கு ழ வரவில்லையென்றால் ள சொல்லச் சொல்லுங்கள். கோளிக்கோடு, அது போதும், இஸட்டைவிடப் பல மடங்கு அருகில் இருக்கிறது. நெல்லைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழ ளகரமாகவே ஒலிக்கிறது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்பவர்கள் நம்மிடையே இவ்வளவு பேர் இருக்கும்போது, வடக்கத்தியவரின் நாக்கை மட்டும் சோதித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

பழநியா பழனியா? நாகர்கோவிலா நாகர்கோயிலா? வீட்ல தினமும் சண்டை.

இவை உச்சரிப்புச் சண்டையே அல்ல, எழுத்துச் சண்டை. ந, ன இரண்டும் இன்று நம் வாயில் சொல்லின் நடுவே ஒரே ஒலிதான். பழநி என்று எழுதினாலும் பழனி என்று எழுதினாலும் முருகன் கோயிலுக்குப் போகும் பேருந்தில் ஒரே மாதிரிதான் கூவுவார்கள். இரண்டு எழுத்தும் நீண்ட காலமாக அச்சில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாறாமல் எழுதுங்கள்.

நாகர்கோவிலில் ஒலி கொஞ்சம் வேறுபடும். ஓகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் வகரம் இடையில் தோன்றும் என்பது நன்னூல் விதி. அதன்படி கோ + இல் கோவில். ஆனால் கோயில் என்பதும் பழைய இலக்கியங்களிலேயே நிறைந்து கிடக்கிறது. எனவே இரண்டையும் யாரும் தள்ள முடியாது. ஊரின் பெயராக எழுதும்போது மட்டும் ஊர்க்காரர்களும் அரசும் வழங்கும் நாகர்கோவில் என்பதை எழுதுங்கள், சங்கரன்கோவிலுக்கும் அப்படியே.

பாட்டி இன்னும் மாயவரம்னுதான் சொல்றாங்க. மயிலாடுதுறைன்னு சொன்னா கோவப்படுறாங்க. எது சரியான உச்சரிப்பு?

இது ஒரே பெயரின் இரண்டு உச்சரிப்பு இல்லை, ஓர் ஊரின் இரண்டு பெயர்கள். தேவாரத்தில் இருப்பது மயிலாடுதுறை. பிறகு மாயூரம் என்று வடமொழிப்பட்டு, மக்கள் வாயில் மாயவரம் ஆயிற்று. 1982-இல் அரசு பழைய தமிழ்ப் பெயரை மீட்டது. 2020-இல் தனி மாவட்டம் ஆனபோதும் அதே பெயர்தான். திருமறைக்காடு வேதாரண்யம் ஆனதும், திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் இதே போன்றவை. அவற்றில் பழைய பெயர் தேவாரத்தோடு நின்றுவிட்டது, பலகைக்குத் திரும்பவில்லை.

பாட்டியைத் திருத்தாதீர்கள். மாயவரம் அவர் வாழ்ந்த ஊர். நீங்கள் விண்ணப்பத்தில் மயிலாடுதுறை என்று எழுதுங்கள்.

நம்ம ஊரை மத்தவங்க சரியா சொல்லணும்னு கேக்குறோம். நாம பெங்களூருவை பெங்களூர்னு சொல்றது மட்டும் நியாயமா?

நல்ல கேள்வி. கர்நாடகம் 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்தில் பெங்களூரு என்று மாற்றியது. ஆங்கிலத்தில் எழுதும்போது நாமும் அப்படியே எழுத வேண்டும். தமிழில் பெங்களூர் என்று எழுதுவதில் குறையில்லை. கன்னடத்தில் ஊரு என்பது தமிழில் ஊர் என்று முடிவது மொழியின் இயல்பு. பேசும்போது நாமும் பெங்களூரு என்றுதான் உகரம் சேர்த்துச் சொல்கிறோம், வேலூரு, கரூரு என்பது போல.

ஒவ்வொரு மொழிக்கும் பிற ஊர்களை அழைக்கத் தன் வழி இருக்கும். அது இழிவுபடுத்தவோ அழிக்கவோ செய்தால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தின் வழியாக வந்த வடிவத்தைத் தமிழ் வடிவம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. டெல்லி ஆங்கிலம் வழி வந்தது. இந்திக்காரர் சொல்வது தகரத்தில் தொடங்கும், நம் தில்லி அதற்கு மிக அருகில் இருக்கிறது. பால்காட் என்று ஆங்கிலேயர் எழுதிய ஊருக்குப் பாலக்காடு என்ற பெயர் மலையாளத்திலும் தமிழிலும் ஒன்றாகவே இருக்கும்போது, பால்காட் எதற்கு?

கனடாவில இருக்கிற எங்கட ஆக்கள் "ரொறன்ரோ" எண்டு எழுதினா, இந்தியாவில இருந்து வாறவை சிரிக்கினம். எது சரி?

சிரிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தின் டி ஒலிக்கு நாக்கு மேல்பல் ஈறைத் தொடும். தமிழின் டகரத்துக்கு நாக்கு அதைவிடப் பின்னால் மடியும். யாழ்ப்பாணத் தமிழில் ற்ற என்ற இரட்டை இன்றும் அந்த ஈறு ஒலியோடு வாழ்கிறது. ஆகவே ஆங்கில டி கேட்கும் இடத்தில் ஈழத்தமிழர் றகரத்தையும் ரகரத்தையும் போடுகிறார்கள்: ரொறன்ரோ, இன்ரநெற், கிரிக்கெற். தமிழ்நாட்டில் காற்று என்பது காத்து என்றோ காட்ரு என்றோ ஆகிவிட்டது, அந்த ஒலி பலர் வாயில் இல்லை. அதனால் ரொறன்ரோவைப் பார்த்ததும் ரகரமாகவே வாசித்துச் சிரிக்கிறார்கள். ஒலிக்கு நெருக்கம் என்று பார்த்தால் ஈழத்து எழுத்துக்கு நல்ல நியாயம் இருக்கிறது.

கனடாவில் தமிழில் எழுதும்போது ரொறன்ரோ என்றே எழுதுங்கள். தமிழ்நாட்டு இதழுக்கு எழுதினால் அங்குள்ள வாசகருக்காக டொராண்டோ என்று எழுதலாம்.

ஊர்க்காரங்களே ரெண்டா பிரிஞ்சு நின்னா என்ன செய்யறது? திருகோணமலையா, திருக்கோணமலையா?

முதல் பதிலில் சொன்ன அளவுகோல் தடுமாறும் இடம் இது. திரு முன்னால் வந்தால் வல்லெழுத்து மிகும்: திருக்குறள், திருக்கழுக்குன்றம், திருச்செந்தூர். அதன்படி திருக்கோணமலை. ஆனால் இலங்கையில் ககர ஒற்று இல்லாத திருகோணமலை பரவலாக வழங்குகிறது, அங்கேயே பிறந்தவர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், சொல்கிறார்கள். ஒற்று இருந்தால் ககரம் அழுத்தமாக விழும், இல்லையென்றால் மெலியும். எனவே இது பழநி, பழனி போல வெறும் எழுத்துச் சண்டையும் இல்லை. சம்பந்தர் பாடியது கோணமாமலை என்று. அதை வைத்து எந்தப் பக்கமும் வெல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் நான் செய்வது ஒன்றுதான். யாரோடு பேசுகிறேனோ அவர் தன் ஊரை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்வேன். அவர் வெறுமனே திருமலை என்றால் நானும் திருமலை என்பேன். தமிழ்நாட்டு நண்பர் பக்கத்தில் இருந்தால், அவர் திருப்பதியை நினைத்துவிடாமல் இருக்க, கிழக்கிலங்கையில் உள்ள திருமலை என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்வேன்.